பறை அடிப்பதும் வேலைதான்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பெண்கள் பறையாட்டக் குழுவினர் பேசியது)



நாங்கள் பத்துப் பேர். ஒரே குழுவில் சேமிப்பு கட்டுகிறவர்கள். பறை கற்றுக்கொண்டு நிகழ்ச்சிகளுக்குப் போய் வருகிறோம். "பொம்பளைக்கு எதுக்குப் பறை?" என்று கேட்டவங்களே இப்போது, "எவ்வளவு வாங்குறீங்க?" என்று கேட்கிறார்கள். அதைத்தான் சொல்ல வந்தோம்.

பறைக்கு முன்பு என்ன கூலி கிடைத்தது என்பது பெரியவங்களுக்குத் தெரியும். எங்க தாத்தா காலத்தில் சாவு விழுந்தால் அடிச்சே ஆகணும். கொஞ்சம் நெல் கொடுப்பாங்க, இல்லைன்னா சாராயம். முடியாதுன்னு சொல்ல வாய் கிடையாது. அதனால்தான் நாங்கள் முதல் நாளே முடிவு செய்தோம். தொகை பேசாமல் கிளம்புவதில்லை. கட்டாயப்படுத்திக் கூப்பிட்டால் போவதே இல்லை.

சில இடத்தில், "நம்ம விழாதானேம்மா, சேலை எடுத்துத் தர்றோம்" என்பார்கள். பந்தல்காரருக்கும் மைக்செட்காரருக்கும் அட்வான்ஸ் போயிருக்கும். நமக்கு மட்டும் சேலையா?

கொடுமுடி கே.பி.சுந்தராம்பாள் அம்மாவை எல்லோருக்கும் தெரியும். ஏழைக் குடும்பம், சின்ன வயசில் ரயிலில் பாடினவங்க. 1935-ல் வந்த நந்தனார் படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கினாங்க. பாட்டுக்குக் காசு கேட்டதால் அவங்க மரியாதை குறைஞ்சா போச்சு?

எங்கள் கணக்கு இதுதான். ஒரு நிகழ்ச்சிக்கு 15,000 ரூபாய் என்று வையுங்கள். வேனுக்கு 3,000. குழுவின் பொது நிதிக்கு 1,500. மீதி 10,500-ஐ ஆளுக்கு 1,050 என்று பிரித்துக்கொள்வோம். பெரிய தொகை மாதிரி தெரியும். ஆனால் ஒத்திகைக்கு ஒரு நாள், நிகழ்ச்சிக்கு ஒரு நாள், இரண்டு நாள் கூலி வேலை போகிறது. இதைச் சொன்னால்தான் கூப்பிடுகிறவங்களுக்குப் புரியுது.

பொது நிதி இல்லாமல் குழு ஓடாது. தோல் கிழியும், குச்சி உடையும், சலங்கை அறுந்து போகும். மழைக்காலத்தில் தோல் தொய்ந்து சத்தமே எழும்பாது, வைக்கோல் கொளுத்திக் காய்ச்சணும். பிளாஸ்டிக் தோலுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அந்தச் சத்தம் எங்களுக்குப் பிடிக்கவில்லை. வரவு செலவு எல்லாம் குழு நோட்டில் இருக்கு. முன்பணம் வாங்கின தேதியும் இருக்கு.

இன்னொரு விஷயம். நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு 2007-ல் தமிழக அரசு நல வாரியம் அமைத்தது. பிள்ளைகள் படிப்பு, கல்யாணம், இறப்பு இதற்கெல்லாம் உதவித்தொகை உண்டு. பதிவு செய்தவங்களுக்குத்தான் கிடைக்கும். கும்மி, ஒயில், கரகம் ஆடுகிறவங்க, ஒப்பாரி பாடுகிறவங்க இங்கேயே நிறையப் பேர் இருக்கீங்க. "நாங்க எங்கே கலைஞர்?" என்று ஒதுங்காதீங்க.

விண்ணப்பம் எழுத உதவி வேண்டுமென்றால், சாப்பாட்டுக்குப் பிறகு மேடைக்குப் பின்னால் வாங்க. ஆதார் நகலும் இரண்டு போட்டோவும் வேண்டும். இப்போ அடிக்கப் போறோம், முன்வரிசையில் கைக்குழந்தை வைத்திருக்கிறவங்க மட்டும் கொஞ்சம் தள்ளி உட்காருங்க.