நாவல் நாடகமாகும்போது

(சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)

சித்தாண்டிப் பதியில் எழுந்தருளியிருக்கும் சித்திர வேலாயுதப் பெருமானின் திருவடிகளை வணங்கி என் உரையைத் தொடங்குகின்றேன்.

சரித்திர நாவல்கள் தொலைக்காட்சியிலும் திரையிலும் எவ்வாறு மாற்றம் பெறுகின்றன என்பதே நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 2022ஆம் ஆண்டிலும் 2023ஆம் ஆண்டிலும் இரு பாகங்களாகத் திரைக்கு வந்தபின் நம்மவர் வீடுகளில் இரண்டு குரல்கள் கேட்கின்றன. “கதையைக் கெடுத்துவிட்டார்கள்” என்பது பெரியோர் குரல். “நம் சரித்திரத்தைக் கண்ணாரக் கண்டோம்” என்பது இளைஞர் குரல். இவ்விரண்டையும் சற்றே நிறுத்துப் பார்ப்பது நன்று.

ஒரு கதையை ஓரிடத்திலிருந்து எடுத்து வேறோரிடத்தில் நடுவது நமக்குப் புதிய தொழிலன்று. பாரதத்துக் கர்ணன் நமது வட்டக்களரியில் வடமோடித் தாளத்துக்கு ஆடியிருக்கின்றான். ஏட்டிலே பல பாட்டாக விரிந்த போர், களரியிலே இரண்டு பேர் எதிரெதிர் நின்று ஆடும் ஆட்டமாகச் சுருங்கியது. அதனாற் பாரதம் கெட்டுப்போயிற்று என்று எந்த அண்ணாவியாரையும் எவரும் குறை சொன்னதில்லை. மத்தளமும் சல்லரியும் சதங்கையும் சேர்ந்து, ஏட்டிலே இல்லாத ஒன்றைச் சபையோருக்குக் கொடுத்தன. காரைதீவு தந்த விபுலானந்த அடிகளார் 1926இல் வெளிவந்த ‘மதங்க சூளாமணி’யிலே சேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கண நெறியிலே நிறுத்திக் காட்டினார். பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனையில் 1962இல் ‘கர்ணன் போர்’, 1964இல் ‘இராவணேசன்’ ஆகிய கூத்துக்களை மேடையேற்றியபோது, விடிய விடிய ஆடப்பட்ட மட்டக்களப்புக் கூத்தை இரண்டு மணி நேர அளவுக்குள் அடக்கினார். அன்றும் முணுமுணுப்பு எழுந்தது. ஆனால் அந்தச் சுருக்கமே நகரத்தாரையும் பல்கலைக்கழகத்தாரையும் நமது கூத்தின்பால் திரும்பச் செய்தது. ஆகவே மாற்றுவது குற்றமன்று. எதை மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்பதே கேள்வி.

இனி நாவலுக்கு வருவோம். ‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை கல்கி வார இதழிலே, மணியம் அவர்களின் சித்திரங்களுடன், மூன்றரை ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்து வந்தது. ஐந்து பாகங்கள், ஏறக்குறைய முந்நூறு அத்தியாயங்கள். கதை முடிந்த அவ்வாண்டு டிசம்பரிலே கல்கியும் மறைந்தார்.

அந்நாவலே ஒரு மாற்றந்தான் என்பதை நாம் மறந்துவிடுகின்றோம். ஆதித்த கரிகாலன் கொலையுண்டதும், அதற்குக் காரணமானவர்களின் சொத்துக்கள் கைக்கொள்ளப்பட்டதும் உடையார்குடிக் கல்வெட்டிலே உள்ளன. வந்தியத்தேவன் குந்தவையின் கணவன் என்பது தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டாற் பெறப்படும். இவை கல்லிலே உள்ள சில வரிகள். நந்தினியைக் கல்வெட்டிலே தேடினால் அகப்படமாட்டாள். பூங்குழலியும் ஆழ்வார்க்கடியானும் கல்கியின் கற்பனைக் குழந்தைகளே. சில வரிகளை ஐந்து பாகங்களாக வளர்த்த பொழுது கல்கி சரித்திரத்தைக் கெடுத்தாரா? இல்லை. ஆனால் சரித்திரத்தோடு வேறொன்றைக் கலந்தார். அந்தக் கலவையின் மேலேதான் திரைக்காரர் தம் கலவையைச் சேர்க்கின்றனர்.

நாவலைக் காட்சியாக்குவோருக்கு மூன்று இடர்ப்பாடுகள் உண்டு.

முதலாவது காலம். முந்நூறு அத்தியாயங்களை ஏறத்தாழ ஐந்தரை மணி நேரப் படங்களிலே அடக்கினார்கள். ஆகையால், வந்தியத்தேவன்மீது அன்பு வைத்து வாடிய மணிமேகலை என்னும் பெண் திரையிலே இல்லாமற் போனாள். நாவலைப் படித்து அவளுக்காகக் கண்ணீர் விட்டவர்களுக்கு இது பேரிழப்பே.

இரண்டாவது ஆசிரியரின் குரல். கல்கி நம்மோடு பேசிக்கொண்டே கதை சொல்வார். வாசகரைக் கையைப் பிடித்து வீரநாராயண ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்வார், கேலி செய்வார், பெருமூச்சு விடுவார். திரையிலே அந்தக் குரலுக்கு இடமில்லை. முதற் படத்தின் தொடக்கத்திலே கமலகாசனின் குரல் கதையை அறிமுகம் செய்கின்றது. நமது கூத்திலே கட்டியகாரன் வந்து அரசன் வரவைச் சொல்லுகின்றானே, அத்தகைய பணி அது. அதன்பின் முகங்களும் மௌனமுமே பேச வேண்டும்.

மூன்றாவது முகம். படிக்கின்றவன் ஒவ்வொருவனும் தன் மனத்திலே ஒரு குந்தவையை வரைந்து வைத்திருக்கின்றான். திரை ஒரே முகத்தைக் கொடுத்து ஏனைய முகங்களை அழித்துவிடுகின்றது. இதனாலேயே, முதலிற் படித்துவிட்டுப் பின்னர் பாருங்கள் என்று இளைஞர்களுக்குச் சொல்லுகின்றேன்.

தொலைக்காட்சித் தொடரோ திரைப்படத்தினும் சஞ்சிகைத் தொடர்கதைக்கு நெருங்கிய உறவினது. அத்தியாய முடிவிலே ஒரு முடிச்சைப் போட்டு வாசகரை அடுத்த கிழமை வரை காக்க வைத்தார் கல்கி. தொலைக்காட்சியும் அதையே செய்கின்றது. காலம் நிறைய இருப்பதாற் சிறு பாத்திரங்களும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் பொறுப்பும் பெரிது. சினிமாவைக் காணக் கொட்டகைக்குப் போக வேண்டும். தொலைக்காட்சி நம் வீட்டுக்குள்ளே வந்து நாள்தோறும் பேசுகின்றது. நாள்தோறும் கேட்பது நாளடைவில் உண்மைபோல் ஆகிவிடும்.

பகவான் கித்வானி என்பவர் திப்பு சுல்தானைப் பற்றி எழுதிய நாவல் 1990இல் இந்தியத் தூரதர்சனிலே தொடராக வந்தது. அது சரித்திரத்தைத் திரிக்கின்றது என்று எழுந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. காண்பிக்கப்படுவது ஒரு நாவலின் கதையே, சரித்திரமன்று என்ற அறிவித்தலுடன் அத்தொடரை ஒளிபரப்பினார்கள். அந்த அறிவித்தல் சிறிதாயினும் அதன் பொருள் பெரிது.

ஜேம்ஸ் கிளவல் எழுதிய ‘ஷோகன்’ என்னும் யப்பானியச் சரித்திர நாவல் 1975இல் வெளிவந்தது. 1980இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்தபோது எல்லாம் ஆங்கிலேய மாலுமியின் கண்ணாலேயே காட்டப்பட்டது. யப்பானியர் பேசுவதன் பொருளைப் பார்வையாளருக்கு எழுத்திலேனும் காட்டவில்லை. 2024இல் மீண்டும் அதையே பத்துப் பகுதிகளாக எடுத்தார்கள். இம்முறை உரையாடலிற் பெரும்பகுதி யப்பானிய மொழியிலேயே அமைந்தது. யப்பானியரின் மனத்துக்குள்ளிருந்தும் கதை சொல்லப்பட்டது. நாவல் ஒன்றே. யாருடைய கண்ணாற் பார்ப்பது என்பது மாறியதும் கதையே மாறிற்று.

இந்த இடத்திலேதான் நம்மைப் பற்றிய கேள்வி எழுகின்றது. ‘பொன்னியின் செல்வ’னின் இரண்டாம் பாகம் பெரும்பாலும் நம் இலங்கையிலே நடப்பது. வந்தியத்தேவன் கோடிக்கரையிலிருந்து பூங்குழலியின் படகிலே இங்கு வருகின்றான். அருள்மொழிவர்மன் அனுராதபுரத்துப் பழுதுற்ற விகாரைகளைச் செப்பனிடச் செய்கின்றான். பிக்குமார் இலங்கைச் சிங்காதனத்தையே அவனுக்குக் கொடுக்க முன்வர, அவன் வேண்டாமென்று மறுக்கின்றான். படிக்கும்போது நம் நெஞ்சு பூரிக்கின்றது. ஆயினும் இது கல்கி கண்ட கனவு. பிற்காலச் சரித்திரம் வேறு வகையினது. அருள்மொழியே இராசராசனாகிப் படை அனுப்பினான். அவன் மகன் இராசேந்திரன் காலத்திலே, 1017ஆம் ஆண்டளவில், ஐந்தாம் மகிந்தன் சிறைப்பிடிக்கப்பட்டுச் சோழநாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டான். சோழர் படை விகாரைகளை உடைத்துப் பொருளைக் கவர்ந்தது என்று சூளவம்சம் துயரத்தோடு கூறுகின்றது.

இதைக் கேட்டுச் சிலர் முகஞ்சுளிக்கலாம். ஆனால் மற்றப் பக்கத்தையும் கேளுங்கள். நாகபட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரையே இராசராசன் தானமாக விட்டதைச் செப்பேடுகள் சொல்லுகின்றன. அவ்வளவு தூரம் போவானேன்? நமது கிழக்கிலே, திருக்கோணமலைக்கு அண்மையிற் பெரியகுளத்தருகே உள்ள வெல்கம் விகாரை, ‘இராசராசப் பெரும்பள்ளி’ என்ற பெயருடன் விளங்கியது. அங்கே விளக்கெரிக்கத் தானம் கொடுத்தவர்களின் செய்திகள் தமிழ்க் கல்வெட்டுக்களாக இன்றும் நிற்கின்றன. பொலன்னறுவையிலே வானவன்மாதேவி ஈச்சரம் என்னும் சிவன் கோயில் கற்றளியாக நிற்கின்றது. உடைத்த கையும் உண்டு. விளக்கேற்றிய கையும் உண்டு. சூளவம்சம் ஒன்றைச் சொல்லுகின்றது, கல்வெட்டு மற்றொன்றைச் சொல்லுகின்றது. இரண்டையும் அறிந்தவனே சரித்திரம் அறிந்தவன்.

திரையை மட்டும் பார்த்த இளைஞன், அயலூர்ச் சிங்கள நண்பனோடு சோழரைப் பற்றிப் பேச நேர்ந்தால் என்ன செய்வான்? நாவலிலே கண்டதைச் சரித்திரமென்று சாதிப்பான். அவனோ தன் பள்ளியிலே கற்றதைச் சாதிப்பான். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய போர் அந்தத் தேநீர்க் கடை வாங்கிலே மறுபடி மூளும். அப்படி மூண்டால் என்னவாகும் என்பதை இந்த மண்ணிலே வாழ்ந்த நமக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வெல்கம் விகாரையின் விளக்குத் தானத்தை அறிந்த இளைஞனோ அந்த நண்பனையும் அழைத்துக்கொண்டு அங்கே போய்வருவான்.

முடிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாவலிலே பூக்கட்டிச் சிவத்தொண்டு செய்த சேந்தன் அமுதனே உண்மையான உத்தம சோழன் என்று தெரியவருகின்றது. தனக்கு வந்த முடியை அருள்மொழி அவனுக்குச் சூட்டுகின்றான். ஐந்தாம் பாகத்துக்குத் ‘தியாக சிகரம்’ என்று பெயர் வந்தது அதனாலேயே. திரையிலே அந்த முடிச்சை விட்டு, முடிக்கு ஆசைப்பட்ட மதுராந்தகனுக்கே அருள்மொழி முடியைக் கொடுக்கின்றான். ஆள்மாறாட்டக் கதைக்குத் திரையிலே நேரமில்லை என்பது ஒரு காரணமாகலாம். பகைத்து நின்றவனுக்கே விட்டுக்கொடுப்பது இன்னும் பெரிய தியாகம் என்றும் ஒருவர் வாதிக்கலாம். எனினும், பூக்கூடை சுமந்த அடியவன் தலையிலே முடி ஏறும் காட்சியிலே சைவ நெஞ்சம் காணும் இனிமையை நாம் இழந்துவிட்டோம். இப்படி எடை போட்டுப் பார்ப்பதே சுவைஞனின் வேலை. கெடுத்துவிட்டார்கள் என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது சோம்பல்.

இளைஞர்களே, உங்களிடம் மூன்று வேண்டுகோள் வைக்கின்றேன். சங்க நூலகத்திலே ‘பொன்னியின் செல்வ’னையும், அதன் பக்கத்திலேயே சோழர் வரலாற்று நூலொன்றையும் சூளவம்சத்தையும் வையுங்கள். மாதமொருமுறை கூடி, ஓர் அத்தியாயத்தைப் படித்து, இதிலே கல் சொல்வது எது, கல்கி சொல்வது எது, திரை சொல்வது எது என்று பிரித்துப் பாருங்கள். அடுத்த ஆண்டு விழாவுக்கு அந்த நாவலின் ஒரு கட்டத்தை வடமோடியிலோ தென்மோடியிலோ கூத்தாக எழுதிப் பழகுங்கள். மாற்றுவது எவ்வளவு கடினம் என்பது மாற்றிப் பார்த்தவனுக்கே தெரியும்.

பெரியோர்களே, உங்களிடம் ஒன்றே ஒன்று. தொலைக்காட்சியை அணைக்கச் சொல்லாதீர்கள். பிள்ளைகளின் அருகே அமர்ந்து பாருங்கள். கூத்துக் களரியிலே ஏடு பிடித்து நிற்கும் ஏட்டண்ணாவியார் ஆடுபவன் அடி மறந்தால் மெல்ல எடுத்துக் கொடுப்பாரல்லவா? அந்தப் பணியை இன்று நீங்கள் செய்ய வேண்டும். ஆட்டம் இளைஞருடையது, ஏடு உங்கள் கையிலே.

சித்திர வேலாயுதப் பெருமான் நம் எல்லோருக்கும் நல்லறிவும் ஒற்றுமையும் அருள்வானாக.