பனிக்காலத் தண்ணீர்ப் பஞ்சமும் கண்ணாடி துடைப்போரும்

(ஒசூரில் துப்புரவுத் தொழிலாளர் கூட்டமொன்றில் பேசியது)



இன்று நம்மை இங்கு பேச அழைத்த தோழர்கள், கோடைக்காலத்துத் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், பனிக்காலத்துப் பஞ்சத்தைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை, ஆதலால் அதைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்று கேட்டுக்கொண்டார்கள். நாம் பெரிய படிப்புப் படித்தவர்களல்ல. ஆனால் இளம் வயதில் சில வருஷம் இந்த ஊர்த் தொழிற்சாலைகளில் வாளியும் வைப்பருமாய்க் கண்ணாடி துடைத்துப் பிழைத்தவர்கள். ஆகையால் புத்தகத்தில் பார்த்ததை விடக் கையால் தொட்டதைக் கொண்டே இரண்டொரு வார்த்தை சொல்லலாமென்று வந்திருக்கிறோம். நாம் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய்ச் சோதித்துப் பார்த்து, சரியென்று பட்டால் மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், பனிக்காலத்தில் தண்ணீர் ஏன் குறைகிறது? நம் பூமி கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள மேட்டுப் பூமி. அடியிலிருப்பது கருங்கற்பாறை. மணற்பாங்கான பூமி தண்ணீரைப் பஞ்சு போல் பிடித்து வைத்துக்கொள்ளும். பாறையோ தன் வெடிப்புகளில் தங்கின தண்ணீரை மட்டுமே கொடுக்கும். ஐப்பசி கார்த்திகையில் மழை பொய்த்துவிட்டால், அந்த வெடிப்புகள் நிரம்பாமலே மார்கழி பிறந்துவிடுகிறது. தை மாதத்தில் போர்வெல் காற்றை இறைக்கிறது. வெயில் இல்லாததால் பஞ்சம் கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியாததால் யாரும் கேட்பதில்லை. அவ்வளவுதான் சங்கதி.

2016-ம் வருஷத்தை நினைத்துப் பாருங்கள். வடகிழக்குப் பருவத்தில் தமிழ்நாட்டுக்குச் சராசரியாகச் சுமார் 440 மில்லிமீட்டர் மழை கிடைக்க வேண்டும். அவ்வருஷம் கிடைத்தது 170 மில்லிமீட்டருக்கும் குறைவு. அடுத்த 2017 ஜனவரி 10-ல், தைப் பொங்கலுக்கு நாலு நாள் முன்பு, மாகாணம் முழுவதையும் வறட்சிப் பிரதேசம் என்று சர்க்கார் அறிவிக்க வேண்டியதாயிற்று. அது சித்திரையும் அல்ல, வைகாசியும் அல்ல. நல்ல பனிக்காலம்!

அதே 2017 நவம்பர் கடைசியில் நடந்ததைக் கேளுங்கள். அவ்வருஷம் நல்ல மழை பெய்து கிருஷ்ணகிரி அணை நிரம்பி நின்றது. ஆனால் மதகு ஒன்று உடைந்து, நின்ற தண்ணீர் ஆற்றோடு போயிற்று. 1950-களில் கட்டிய அணையின் பழைய இரும்பு மதகு அது. மழை வராததும் பஞ்சம், வந்த தண்ணீரைக் காக்காததும் பஞ்சம். இதில் எந்தக் கிரகத்துக்கு என்ன வேலை என்று கேட்கிறோம். மதகுக்குச் சனி பிடித்ததா, துரு பிடித்ததா?

ஆனால் நம் ஜனங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பது என்ன? மழை இல்லையென்றால் வருண ஜபம் செய் என்பதுதானே! 2019 கோடையில் சர்க்காரின் அறநிலையத் துறையே, மழை வேண்டி யாகம் நடத்தும்படி கோயில்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பிற்று. அண்டாவில் தண்ணீர் நிரப்பி, அதில் கழுத்தளவு உட்கார்ந்து மந்திரம் சொன்னார்கள். குடிக்கத் தண்ணீரில்லாத காலத்தில் அண்டா தண்ணீர் அதற்குக் கிடைத்தது! அவ்வருஷம் ஜூன் மாதத்தில் சென்னைக்குத் தண்ணீர் கொடுக்கும் ஏரிகள் நான்கும் வறண்டே கிடந்தன. ஜபம் செய்தவர்கள் மேல் நமக்குக் கோபமில்லை. ஜபத்துக்குச் செலவிட்ட முயற்சியில் பாதியை ஏரி தூர் வாருவதில் செலவிட்டிருக்கலாகாதா என்றுதான் கேட்கிறோம்.

இனி, நம் தொழிலுக்கு வருவோம். நமக்கு இருபது வயதிருக்கும். ஒரு தொழிற்சாலையில் ஆபீசின் முன்புறக் கண்ணாடி துடைக்கும் வேலை. தை மாதம். லாரித் தண்ணீரை நிறுத்திவிட்டு, அடிமட்டத்துக்கு இறங்கிப்போன போர்வெல் தண்ணீரைக் கொடுத்தார்கள். துடைக்கும்போது கண்ணாடி பளிச்சென்றிருக்கும். பத்து நிமிஷம் போனால் வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளி பூத்துவிடும். சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, "உன் கைராசி சரியில்லை" என்று அரைநாள் கூலியைப் பிடித்தார். காவலாளி ஒருவர் கண்திருஷ்டி என்றார். எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கண்ணாடிக்கு மேலே கட்டினோம். ஆம், நாமேதான் கட்டினோம்! மறுநாளும் புள்ளி இருந்தது. மறுநாளும் அரைக் கூலி போயிற்று.

அங்கே வயதான எலக்ட்ரீஷியன் ஒருவர் இருந்தார். அவர் நம்மைக் கூப்பிட்டு, ஒரு எவர்சில்வர் கரண்டியில் அந்தப் போர்வெல் தண்ணீரை ஊற்றிச் சுண்டக் காய்ச்சினார். அடியில் வெள்ளையாய்ச் சுண்ணாம்பு படிந்தது. பிறகு ஏ.சி. மெஷினிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து அதே போல் காய்ச்சினார். அடியில் ஒன்றும் இல்லை. "தம்பி, உன் கையில் ஒன்றுமில்லை. தண்ணீரில் உப்பு இருக்கிறது. தண்ணீர் காய்ந்து போகும், உப்பு எங்கே போகும்?" என்றார். பிறகு, கட்டியிருந்த எலுமிச்சம்பழத்தை அறுத்து அந்தப் புள்ளியின் மேல் தேய்க்கச் சொன்னார். தேய்த்தோம். புளிப்பில் சுண்ணாம்பு கரைந்து கண்ணாடி சுத்தமாயிற்று. கட்டித் தொங்கவிட்டபோது ஒன்றும் செய்யாத பழம், அறுத்துத் தேய்த்தபோது வேலை செய்தது! நமக்குப் பகுத்தறிவுப் பள்ளிக்கூடம் அந்தக் கரண்டிதான், தோழர்களே.

ஆதலால் தண்ணீர் குறைந்த நாளில் நம் தொழிலை எப்படிச் செய்வது என்பதற்குச் சில யோசனை சொல்லுகிறோம். முதலாவது, ஏ.சி. தண்ணீரை வீணாக்காதீர்கள். காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து சொட்டுகிற தண்ணீர் அது. உப்பு ஏறக்குறைய இல்லாதது. குடிப்பதற்கு வேண்டாம், கண்ணாடிக்கு அதைவிட நல்ல தண்ணீர் இல்லை. பனிக்காலத்தில் கொஞ்சமாய்த்தான் சொட்டும். ஆனாலும் கம்ப்யூட்டர் அறைகளில் வருஷம் முழுவதும் ஏ.சி. ஓடுகிறது. குழாய்க்கடியில் ஒரு கேன் வைத்தால் கடைசித் துடைப்புக்கு ஆகும். மழைத் தண்ணீரும் அப்படியே. ஆனால் ஆர்.ஓ. மெஷின் கழித்துவிடும் தண்ணீரைக் கண்ணாடியில் விடாதீர்கள். உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அதில்தான். அதைக் கக்கூசுக்கு விடுங்கள்.

இரண்டாவது, விடியற்காலைப் பனி. மார்கழி தையில் கண்ணாடியின் வெளிப்புறம் பனிநீர் கோத்து நிற்கும். அது தூசியை இளக்கி வைத்திருக்கிறது. அந்த நேரத்தில் பஞ்சு உறை போட்ட கட்டையைச் சிறிது நனைத்து ஓட்டி, மேலிருந்து கீழாக வைப்பரை இழுத்தால் பாதித் தண்ணீரில் வேலை தீரும். வெயிலேறின பிறகு துடைத்தால் துடைக்குமுன்பே தண்ணீர் காய்ந்து புள்ளியாகும். ஆனால் இது தரையில் நின்று எட்டும் கண்ணாடிக்கு மட்டும். பனியில் நனைந்த விளிம்பில் ஏறவோ கயிற்றில் தொங்கவோ செய்யாதீர்கள். கண்ணாடி போனால் வேறு போடுவார்கள், உங்களை யார் போடுவார்கள்?

மூன்றாவது, வைப்பரின் ரப்பர். இன்று நாம் பிடிக்கும் இலேசான வைப்பரை 1930-களில் உண்டாக்கியவர் எட்டோரே ஸ்டெக்கோனே என்பவர். இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போய், ஓக்லாந்தில் ஜன்னல் துடைத்தவர். அதற்கு முன்பிருந்தது கனத்த இரும்பு. பல திருகாணிகளைக் கழற்றினால்தான் ரப்பரை மாற்ற முடியும். தன் கைவலியை யோசித்த ஒரு தொழிலாளி செய்த காரியம் இது. நாமோ ஆயுத பூஜையன்று வைப்பருக்குச் சந்தனப் பொட்டு வைக்கிறோம், தேய்ந்துபோன ரப்பரை மாற்றுவதில்லை! தேய்ந்த ரப்பர் கோடு போடும். கோட்டை அழிக்க மறுபடி தண்ணீர். பொட்டு வைக்கிற காசில் ரப்பர் வாங்குங்கள்.

நான்காவது, கண்ணாடி துடைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். அது தெளிந்தபின் படிக்கட்டுக்கும் தரைக்கும் ஆகும். புள்ளி விழுந்தால் எலுமிச்சையோ வினிகரோ போதும். ஆனால் சலவைக்கல் தரையில் பட்டால் அதை அரித்துவிடும், எச்சரிக்கை.

இவ்வளவும் நாம் செய்யக்கூடியது. ஆனால் சிக்கனம் முழுவதையும் தொழிலாளியின் வாளியிலேயே செய்ய வேண்டுமென்றால் அது நியாயமாகுமா? ஆயிரம் சதுர மீட்டர் தகரக் கூரையுள்ள ஒரு தொழிற்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 800 மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொண்டால், அந்தக் கூரையில் மட்டும் 8 லட்சம் லிட்டர் விழுகிறது. கால் பங்கு வீணானாலும் 6 லட்சம் லிட்டர் மிச்சம். மழைநீர் சேமிப்பைத் தமிழ்நாட்டில் 2003-ல் கட்டாயமாக்கியாயிற்று. குழாய் கூரையிலிருந்து இறங்குகிறது. அது தொட்டியில் சேர்கிறதா, சாக்கடையில் சேர்கிறதா என்று எத்தனை பேர் பார்த்தார்கள்?

தோழர்களே! நம்மில் அநேகர் காலையில் ஜூஜூவாடியைத் தாண்டி, அத்திப்பள்ளி வழியாய்ப் பெங்களூர்ப் பக்கம் வேலைக்குப் போய் வருகிறவர்கள். அங்கே என்ன நிலை? காவிரித் தண்ணீரை சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து மேடேற்றிக் கொண்டு வருகிறார்கள். அப்படியும் 2024 மார்ச்சில் வண்டி கழுவவும் தோட்டத்துக்கும் குடிநீரை உபயோகித்தால் 5000 ரூபாய் அபராதமென்று அங்குள்ள குடிநீர் வாரியம் உத்தரவிட்டது. 2025-ல் பிப்ரவரியிலேயே, அதாவது மாசி மாதத்திலேயே, அதே உத்தரவு வந்துவிட்டது. அந்த ஊர் குடித்துக் கழித்த தண்ணீரோ தென்பெண்ணையில் கலந்து, கெலவரப்பள்ளி அணையில் மலை மலையாய் நுரைத்து நம்மிடம் வருகிறது. உடனே சிலர் கன்னடத்தான், தமிழன் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அங்கே குடத்தோடு நிற்பவளும் ஏழை, இங்கே குடத்தோடு நிற்பவளும் ஏழை. நுரைக்குப் பாஷை ஏது? இரண்டு பக்கத்திலும் சாக்கடையைச் சுத்தம் செய்யாமல் ஆற்றில் விடுகிறவர்களைக் கேட்காமல், குடம் தூக்குகிறவர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொள்வது யாருக்கு லாபம்?

இன்னொரு முக்கியமான விஷயம். கண்ணாடியில் படியும் கறை ஒருவித உப்பு. நம் ஜில்லாவிலும் தருமபுரி ஜில்லாவிலும் பிள்ளைகளின் பல்லில் படியும் பழுப்புக் கறை வேறொரு உப்பு. அதற்குப் புளூரைடு என்று பேர். பாறையிலிருந்து கரைந்து வருவது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாதென்பது இந்த நாட்டு அளவு. அது மிஞ்சின தண்ணீரைக் குடித்துப் பல் கெட்ட பெண்ணைப் பார்த்து, பூர்வ ஜன்மப் பாவம் என்று சொன்னவர்கள் உண்டு. பாவமென்றால் ஒரே போர்வெல்லில் குடித்த தெரு முழுவதுமா பாவம் செய்தது? இந்தக் கேட்டைப் போக்கத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-ல் அஸ்திவாரமிட்டு 2013-ல் திறந்தார்கள். பரிகாரம் செய்த கோயில் எதுவும் அந்தப் பல்லைக் காக்கவில்லை. குழாய்தான் காக்க முடியும். ஆகவே லாரியில் வருவது எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று கேளுங்கள். கண்ணாடிக் கறை எலுமிச்சையில் போகும். பிள்ளையின் பற்கறை அவ்வளவு எளிதில் போகாது.

கடைசியாக மானத்தைப் பற்றி. ஒரு இடத்தில், பஞ்சம் வந்ததும் ஆபீசுக்குக் கேன் தண்ணீரும், துடைக்கிறவர்களுக்கு வெளிக் குழாயும் வேறு டம்ளரும் வைத்ததை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். தண்ணீர் குறைந்தால் முதலில் ஜாதி வந்து வரிசையில் நிற்கிறது. பொதுக் குளத்துத் தண்ணீரைத் தொடும் உரிமைக்காகத் தோழர் அம்பேத்கர் மகாத்தில் ஜனங்களைத் திரட்டிக்கொண்டு போனது 1927-ல். அதற்குப் பிறகும் 2022 டிசம்பரில் வேங்கைவயலில் ஒடுக்கப்பட்ட மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. இது வெட்கப்பட வேண்டிய காரியமல்லவா?

குடிநீர் தருமமல்ல, கடமை. 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டமே போதுமான நல்ல குடிநீர் வைக்க வேண்டுமென்றும், அது குடிநீர் என்று தொழிலாளிக்குத் தெரிந்த பாஷையில் எழுத வேண்டுமென்றும் சொல்லிற்று. அதன் இடத்தில் வந்திருக்கும் 2020-ம் வருஷச் சட்டத் தொகுப்பிலும் குடிநீர் கொடுக்கும் கடமை ஒழியவில்லை. காண்ட்ராக்டு ஆள், வெளியாள் என்று தட்டிக்கழிக்க விடாதீர்கள். தாகத்துக்குக் காண்ட்ராக்டு ஏது?

எனவே மூன்று காரியத்தை ஒற்றுமையாய்க் கேளுங்கள். உப்புத் தண்ணீரால் வந்த புள்ளிக்குக் கூலி பிடிக்கக்கூடாது. எல்லோருக்கும் ஒரே குடிநீர், ஒரே டம்ளர். கூரைத் தண்ணீர் தொட்டிக்குப் போக வேண்டும். கேட்கப் போகும்போது நாம் சொன்ன கரண்டியையும் கையில் கொண்டு போங்கள். அவர்கள் எதிரிலேயே காய்ச்சிக் காட்டுங்கள். கைராசி, தலையெழுத்து என்கிற பேச்செல்லாம் அந்தக் கரண்டி அடியில் வெள்ளையாய்த் தெரிந்துபோகும்.