ரத்தம் யாரிடம் கேட்கப்படுகிறது?



சேலம், நாமக்கல் மண்ணில் நின்று நீதியைப் பற்றிப் பேசுகிறவர் கோகுல்ராஜிடமிருந்துதான் தொடங்க வேண்டும். ஓமலூரைச் சேர்ந்த அந்தத் தலித் பொறியாளர் 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு மலைக்கோயிலிலிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் உடல் கிடந்தது. முக்கியச் சாட்சி பிறழ்ந்தார். கோயில் கேமரா பிறழவில்லை. 2022இல் பத்துப் பேர் தண்டிக்கப்பட்டனர். அறிவியல் சாட்சியம் நமக்கு எதிரி அல்ல. சாதியால் மிரட்ட முடியாத சாட்சி அது.

மரபணு அடையாளச் சோதனையின் கதையும் அதையே சொல்கிறது. 1984இல் இங்கிலாந்தில் அலெக் ஜெஃப்ரிஸ் அதைக் கண்டறிந்தார். முதல் கொலை வழக்கிலேயே, போலீஸிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்த ஓர் இளைஞரை அது நிரபராதி என்று காட்டியது. உண்மைக் குற்றவாளி பிறகுதான் பிடிபட்டான்.

அப்படியானால் வேங்கைவயலில் நம் மக்கள் ரத்தம் கொடுக்க ஏன் மறுத்தார்கள்? 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டத்தின் அந்தத் தலித் குடியிருப்பில் குடிநீர்த் தொட்டிக்குள் மலம் கிடந்தது. 2023 ஏப்ரலில் சிபிசிஐடி சோதனைக்கு அழைத்தவர்களில் பெரும்பாலோர் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களே. எட்டுப் பேர் மறுத்தனர். அவர்கள் மறுத்தது அறிவியலை அல்ல. புகார் கொடுத்தவரையே சந்தேகிக்கும் வரிசையை. பிறகு முப்பதுக்கும் மேற்பட்டோரிடம் சோதனை நடந்தது. யாருடையதும் பொருந்தவில்லை. ஆனாலும் 2025 ஜனவரியில், மூன்று தலித்துகள் மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்திருப்பதாக உயர் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. வேங்கைவயல் மக்கள் அதை ஏற்கவில்லை.

டிஎன்ஏ ஒரே ஒரு கேள்விக்குத்தான் விடை சொல்லும்: இந்த மாதிரி இவருடையதா? மலத்தில் கிருமிகளின் மரபணுவே மிகுதி. மனித மரபணு தண்ணீரில் சிதைந்துபோகும். பொருந்தினாலும்கூட அது யாருடைய மலம் என்றுதான் தெரியும். தொட்டிக்குள் போட்டது யார் என்று தெரியாது. யாரை முதலில் சோதிப்பது என்று ஆய்வகம் முடிவு செய்வதில்லை. காவல்துறை முடிவு செய்கிறது. சாதி நுழைகிற வாசல் அதுதான்.

மாணவர்களே, ஆய்வக அறிக்கையை வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மாதிரி எப்போது எடுக்கப்பட்டது, யார் கைகள் வழியாக வந்தது, யார் அழைக்கப்பட்டார், யார் அழைக்கப்படவில்லை என்று கேளுங்கள். அந்தக் கேள்விகளை நாம் கேட்காவிட்டால், நமக்காக வேறு யாரும் கேட்கப் போவதில்லை.

ஜெய்பீம்.