கொரோனா வந்தபோது காசநோயாளியை மறந்தார்கள்
(தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)

காசநோய் நமக்குப் புதிதல்ல. நம் பாட்டன் காலத்திலேயே க்ஷயம் என்ற பெயரில் சேரிகளிலும் ஆலை லைன் வீடுகளிலும் குடியிருந்த நோய் அது. புதிதாக வந்தது கொரோனா. அந்தப் புது நோய் வந்தபோது பழைய நோய்க்காரனின் கதி என்ன ஆயிற்று? அதைத்தான் இன்று நாம் பேச வேண்டும்.

2020 மார்ச் 25-ல் நாடு முழுவதும் ஊரடங்கு. பஸ் நின்றது, ரயில் நின்றது. ஆஸ்பத்திரி வார்டுகள் கொரோனாவுக்கு ஒதுக்கப்பட்டன. டாக்டர்களும் நர்சுகளும் அங்கே அனுப்பப்பட்டார்கள். சளியில் காசக் கிருமி உண்டா என்று சில மணி நேரத்தில் காட்டும் இயந்திரங்கள்கூட கொரோனா சோதனைக்குத் திருப்பப்பட்டன. கொரோனாவுக்கு வைத்தியம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஒரு நோயாளியைக் கவனிக்க இன்னொரு நோயாளியைக் கைவிடும் நிலையில் ஆஸ்பத்திரிகளை வைத்திருந்தது ஏன் என்றுதான் கேட்கிறோம்.

விளைவு என்ன? 2019-ல் இந்தியாவில் சுமார் 24 லட்சம் காசநோயாளிகள் கணக்கில் வந்தார்கள். 2020-ல் சுமார் 18 லட்சம் பேர்தான். நோய் குறைந்துவிட்டதா? இல்லை, தோழர்களே! கண்டுபிடிப்பது குறைந்தது. உலகெங்கும் இதே கதை. பத்தாண்டுக்கு மேலாகக் குறைந்து வந்த காசநோய்ச் சாவு அந்த ஆண்டில் மீண்டும் ஏறியது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியது.

ஒரு விவசாயத் தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். மூன்று வாரமாக இருமல். ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் இல்லை. நடந்தே போனாலும், 'கொரோனாவோ?' என்று பயந்து விலகுகிறார்கள். திரும்பி வந்து குடிசைக்குள் படுக்கிறான். அதே காற்றைத்தான் மனைவியும் மக்களும் சுவாசிக்கிறார்கள். ஏற்கெனவே மருந்து சாப்பிட்டு வந்தவனுக்கோ நடுவில் மாத்திரை தீர்ந்துபோகிறது. அரைகுறையாக நின்ற மருந்து கிருமியைக் கொல்வதில்லை. அதற்கு மருந்தை எதிர்க்கும் பலத்தைக் கொடுக்கிறது.

இதற்கு வழியே இல்லையா? உண்டு. 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி, நெருக்கடியான ஏழை வீடுகளில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் படுத்தவர்களைப் போலவே குணமாவார்கள் என்று உலகுக்குக் காட்டியது. மருந்து வீடு தேடி வந்தால் போதும். ஊரடங்கிலும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்த ஊழியர்கள் உண்டு. அவர்களை நாம் மறக்க மாட்டோம். ஆனால் சில ஊழியரின் நல்ல மனதை நம்பி ஒரு நாட்டின் வைத்தியம் நடக்கலாமா?

மருந்தோடு சோறும் வேண்டும். ஜார்க்கண்டில் நடந்து 2023-ல் வெளியான ஆராய்ச்சியில், நோயாளியின் குடும்பத்துக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் கூடுதலாகக் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசம் பிடிப்பது சுமார் 40 சதவிகிதம் குறைந்தது. ஊரடங்கில் கூலி இழந்து பட்டினி கிடந்த வீடுகளில் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

ஆகவே நாம் கேட்பது இதுதான்: நாளை எந்தக் கொள்ளை நோய் வந்தாலும் காசநோய்க்கென்று உள்ள டாக்டரும் இயந்திரமும் அதற்கே இருக்க வேண்டும். மருந்து வீட்டுக்கு வர வேண்டும். நோயாளியின் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.

நம் கடமையும் ஒன்று உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் பஞ்சுத் தூசி என்று அலட்சியம் செய்யாதீர்கள், சளியைச் சோதியுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் சோதனையும் மருந்தும் இலவசம். தொடங்கிய மருந்தை டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். பக்கத்துத் தறியில் இருமுகிறவரை ஒதுக்காதீர்கள். கூடவே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அவருக்காகக் கேட்க நாம் இருக்கிறோம் என்று அவருக்குத் தெரியட்டும்!