வெள்ளி இல்லாத வெள்ளி



கடையில் "இரண்டு வெள்ளி ஐம்பது காசு" என்று கணக்குச் சொல்கிறோம். இன்று நம் கையில் புழங்கும் நாணயத்தில் குன்றிமணி அளவு வெள்ளியும் இல்லை. பின் ஏன் அந்தப் பெயர்? ஒரு காலத்தில் நம் காசு மெய்யாகவே வெள்ளியாக இருந்தது. 'ரிங்கிட்' என்ற மலாய்ச் சொல்லுக்கும் பல் வெட்டிய விளிம்பு என்றுதான் பொருள். வெள்ளி நாணயத்தின் ஓரத்தைச் சுரண்டித் திருடுவோர் இருந்தனர். சுரண்டினால் தெரியவேண்டும் என்றே விளிம்பில் பல் வெட்டினார்கள்.

1903இல் நீரிணைக் குடியேற்றங்களில் வெளிவந்த ஒரு வெள்ளி நாணயத்தில் ஏறக்குறைய 24 கிராம் சுத்த வெள்ளி இருந்தது. 1907இல் அது 18 கிராம் ஆயிற்று. 1919இல் 8 கிராமுக்குச் சற்று மேல். பெயர் ஒன்றுதான், உள்ளே இருந்த சரக்கு மூன்றில் ஒரு பங்காகிவிட்டது.

ஏன் குறைத்தார்கள்? உலகச் சந்தையில் வெள்ளியின் விலை ஏறியது. நாணயத்தின் மதிப்பைவிட அதிலுள்ள உலோகம் விலை கூடினால், மக்கள் அதை உருக்கி விற்றுவிடுவார்கள். கடைவீதியில் காசே இராது. ஆகவே வெள்ளியைக் குறைத்தார்கள். அரசர் தலை போட்ட பத்துக் காசிலும் இதே கதைதான். 1939இல் நூற்றுக்கு 75 பங்கு வெள்ளி, 1943இல் 50 பங்கு, 1948இல் வெள்ளியே இல்லை. செம்பும் நிக்கலும் கலந்த காசு. 2012இல் வெளிவந்த ஐந்து காசும் பத்துக் காசும் நம் வீட்டுத் தட்டைப் போல எவர்சில்வர்! ஒரு காசோ, 2008இல் சில்லறையைச் சரிக்கட்டும் முறை வந்ததும் கடைவீதியிலிருந்து விடைபெற்றது.

அப்படியானால் வெள்ளி போனதால் பணம் கெட்டுவிட்டதா? அப்படிச் சொல்வதற்கில்லை. பணத்தை வெளியிடுபவர் அளவறிந்து வெளியிட்டால், எவர்சில்வர் காசும் நல்ல காசே. அளவு தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானியர் காலத்து வாழைமர நோட்டே சாட்சி. பெரும்பாலான நோட்டுகளில் வரிசை எண்கூட இல்லை, அச்சடித்துக் கொட்டினார்கள். 1945இல் ஆங்கிலேயர் திரும்பியதும் அவை செல்லாக்காசாயின. 1967 நவம்பரில் பிரிட்டிஷ் பவுனின் மதிப்பு குறைக்கப்பட்டபோதும், பழைய மலாயா நோட்டு வெள்ளிக்கு 85 காசாக இறங்கியது. பெட்டியில் பூட்டி வைத்திருந்தவர்களுக்கு வெள்ளிக்குப் பதினைந்து காசு நட்டம்.

இதில் நமக்கு மூன்று பாடங்கள் உண்டு.

ஒன்று, கூலி எத்தனை வெள்ளி என்பதோடு நின்றுவிடாதீர்கள். அந்தக் கூலி சென்ற ஆண்டு எவ்வளவு அரிசி வாங்கியது, இந்த ஆண்டு எவ்வளவு வாங்குகிறது என்று பாருங்கள். சம்பளம் ஏறியதா இறங்கியதா என்பதை அரிசிதான் சொல்லும்.

இரண்டு, சேமிப்பைத் தகரப் பெட்டியில் தூங்க விடாதீர்கள். விலைவாசி ஏற ஏற, பூட்டு உடையாமலே அது கரைந்துபோகும். வங்கியில் போட்டால் வட்டியாவது துணைக்கு வரும்.

மூன்று, பாட்டியின் பெட்டியில் பழைய காசு இருந்தால், வாசலுக்கு வரும் வியாபாரியிடம் முகமதிப்புக்குக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் ஆண்டைப் பாருங்கள். 1939 முதல் 1945 வரை ஆண்டிட்ட பத்து, இருபது காசுகளில் வெள்ளி உண்டு. எடை போட்டு, நாலு இடத்தில் விசாரித்த பின் முடிவு செய்யுங்கள்.

உழைத்துப் பெற்ற காசின் மதிப்பை அறிவதும் உழைப்பாளியின் கடமையே.