கூடிப் படித்தால் கோடி நன்மை

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

 

பரிசு பெறும் பிள்ளைகளை மனமாரப் பாராட்டுகிறேன். இந்தப் பிள்ளைகள் நாளை பல்கலைக்கழகத்துக்குப் போகும்போது அவர்களுக்கு அங்கே எது துணை என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன்.

அண்மையில் ஒரு தகப்பனார் என்னிடம் வந்து, "டீச்சர், கடனை உடனை வாங்கி மகளைப் படிக்க அனுப்பினேன். லீவுக்கு வந்தா ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் போனைத்தான் நோண்டிக்கிட்டு இருக்கு. பிடுங்கி வச்சிடலாமான்னு பாக்கிறேன்" என்று வருத்தப்பட்டார். "அண்ணே, பிடுங்குறதுக்கு முன்னால அதுல என்ன செய்யுதுன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை விளக்குவதே என் உரையின் நோக்கம்.

நம் பள்ளியில் படித்த பெண் ஒருத்தி இப்போது சிங்கப்பூரில், காத்தோங் வட்டாரத்தில், ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறாள். காத்தோங் ஒரு காலத்தில் தென்னந்தோட்டங்கள் நிறைந்த கடற்கரை. சிலோன் சாலையில் உள்ள செண்பக விநாயகர் ஆலயத்தை உங்களில் சிலர் தரிசித்திருப்பீர்கள். இந்தப் பெண் பகலில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறாள். மாலையில் பகுதி நேரமாகக் கணக்கியல் பட்டத்துக்குப் படிக்கிறாள். வகுப்பில் கை தூக்கிக் கேள்வி கேட்க அவளுக்குக் கூச்சம். ஆங்கிலம் தடுமாறினால் சிரிப்பார்களோ என்ற பயம். இது நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கும் உள்ள பயந்தான்.

அவளைக் காப்பாற்றியது ஒரு படிப்புக் குழு. உடன் படிக்கும் ஐந்து பேர். ஒருவர் மலாய் இளைஞர், இருவர் சீனப் பெண்கள், இன்னொருவர் நம் தமிழ்ப் பையன், ஐந்தாவது இவள். எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். ஆளுக்கொரு மூலையில் வீடு. ஒன்றாக உட்கார்ந்து படிக்க நேரம் ஏது? ஆகவே கைப்பேசியில் கூடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்துச் சந்தேகம் கேட்கிறார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதக்கூடிய ஒரு தாளைக் கணினியில் திறந்து வைத்துக்கொள்கிறார்கள். பாடத்தை ஐந்தாகப் பிரித்து, அவரவர் பங்கை அதில் எழுதுகிறார்கள். ஒருவர் எழுதியதன் ஓரத்தில் மற்றவர், "இது எப்படி வந்தது?" என்று குறிப்புப் போடுகிறார்.

பற்று, வரவு விஷயம் ஒரு நாள் யாருக்கும் விளங்கவில்லையாம். நம் பெண் தோட்டத்து மளிகைக் கடைக் கடன் கொப்பியை உதாரணம் காட்டினாளாம்: "எங்கப்பா வாங்கின அரிசி எங்க வீட்டுக்குக் கடன், கடைக்காரருக்கு அதுவே வரவேண்டிய சொத்து. ஒரே கணக்கு, ரெண்டு பக்கம்." அன்றிலிருந்து அந்தப் பாடத்துக்கு அவள்தான் குருவாம்! வகுப்பில் வாய் திறக்காத பெண், குழுவுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறாள் என்றால், அது சாதாரண விஷயமா?

ஆசிரியர் பயிற்சியில் நாங்கள் ருசிய நாட்டு உளவியலறிஞர் வைகாட்ஸ்கி (1896–1934) அவர்களைப் பற்றிப் படித்திருக்கிறோம். தன்னைவிடச் சற்றுத் தெரிந்தவரின் துணையோடு இன்று செய்வதைப் பிள்ளை நாளை தானாகவே செய்யும் என்பது அவர் கொள்கையின் சாரம். பிறருக்கு விளக்கிச் சொல்லும்போது நமக்கே பாடம் தெளிவாகிறது என்பதும் நாம் அறிந்ததே.

பெரியோர்களே, இது புதிய கருவி. ஆனால் புதிய கருத்து அன்று. 1950களின் நடுவில் சிங்கப்பூரில், தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி அவர்கள் 'தமிழ் எங்கள் உயிர்' என்று ஒரு நிதியைத் தொடங்கி, ஆளுக்கு ஒரு வெள்ளி தாருங்கள் என்று கேட்டார். அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையில் தமிழ் நூல்கள் சேர்ப்பதற்காக அந்தப் பணம். பல்கலைக்கழக வாசலையே மிதிக்காத உழைப்பாளிகளின் வெள்ளி அங்கே புத்தகமாயிற்று. அதுபோலவே, தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960ஆம் ஆண்டு துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டே அச்சங்கம் தோட்டங்களை வாங்கியது. தனித்தனியாக நின்றிருந்தால் ஒரு காணி நிலமாவது கிடைத்திருக்குமா?

கூட்டுறவுக்கு உயிர் எது? பங்குப் புத்தகம். யார் எவ்வளவு போட்டார் என்பது அதில் இருக்கும். கூடிப் படிக்கும் கல்விக்கும் அப்படி ஒரு புத்தகம் உண்டு. நான் சொன்ன அந்தக் கணினித் தாளில் யார், எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்த வரியை எழுதினார் என்பது தானாகவே பதிவாகிவிடும். காத்தோங் குழுவில் ஒருவர் ஒரு வாரம் தம் பங்கை எழுதவே இல்லை. கடைசி நாளில் ஒரே நிமிடத்தில் இரண்டு பக்கம் வந்து விழுந்தது. பதிவைப் பார்த்ததும் எங்கிருந்தோ அள்ளிப் போட்டது என்று மற்றவர்களுக்குத் தெரிந்துவிட்டது. சண்டை போடவில்லை. "உனக்கு எந்த இடம் விளங்கலை, சொல்லு" என்று கேட்டு, மறுபடியும் எழுத வைத்தார்கள்.

விக்கி என்னும் முறையும் இத்தகையதே. 1995ஆம் ஆண்டு அமெரிக்கரான வார்டு கன்னிங்காம் அதை உருவாக்கினார். 'விக்கி' என்பது விரைவு என்று பொருள்படும் ஹவாய் மொழிச் சொல். யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். திருத்தியது பதிவில் நிற்கும். 2003ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா இன்று ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டி நிற்கிறது. இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ளவர்கள் கூலி வாங்காமல் எழுதியவை. 2010ஆம் ஆண்டு கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோது, தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர்களுக்கென்றே விக்கிப்பீடியாக் கட்டுரைப் போட்டி ஒன்று நடத்தப்பட்டது. தேர்வுத்தாளில் எழுதியது திருத்திய ஆசிரியரோடு போய்விடும். விக்கியில் எழுதியதோ ஊருக்கே பயன்படும்.

ஆனால் ஒன்றை மறந்துவிடலாகாது. கத்தி காயும் நறுக்கும், கையையும் நறுக்கும். படிப்புக் குழு அரட்டைக் குழுவாக மாற ஐந்து நிமிடம் போதும். ஒருவர் எழுத, நான்கு பேர் பெயர் போட்டுக்கொள்வதும் நடக்கிறது. இப்போதோ, கேட்டால் கட்டுரையையே எழுதித் தரும் இயந்திரமும் வந்துவிட்டது. அது எழுதியதைத் தன் பங்காகக் கொடுப்பவன், காசு போடாமல் கூட்டுறவில் பங்கு கேட்பவனைப் போன்றவன். இன்னொரு குறையும் உண்டு. இணைய வசதி இல்லாத பிள்ளை குழுவுக்கு வெளியே நின்றுவிடும். 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றுக் காலத்தில், சபாவின் பித்தாஸ் பகுதி மாணவி ஒருத்தி, இணையத் தேர்வு எழுத மரத்தின் மேல் இரவு தங்கியதை நாடே பார்த்தது. அறிவு இருந்தும் அலைவரிசை இல்லாத நிலை நம் பிள்ளைகளுக்கு வரலாகாது.

ஆகவே மூன்று வேண்டுகோள். பெற்றோர்களே, "ஏன் போன் பாக்கிற?" என்று கேட்காதீர்கள், "இன்னிக்கு நீ என்ன எழுதின? காட்டு" என்று கேளுங்கள். உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கேட்கிறார் என்று தெரிந்தாலே பிள்ளை எழுதும். தோட்டத்துப் பெரியவர்களே, மாலையில் சமூகக் கூடத்தில் இணையமும் ஒரு மேசையும் நான்கு நாற்காலியும் கிடைக்க ஏற்பாடு செய்யுங்கள். மாணவச் செல்வங்களே, பல்கலைக்கழகம் போகும்வரை காத்திருக்க வேண்டாம். இப்போதே மூன்று பேராகச் சேர்ந்து, ஒரே கொப்பியில் ஆளுக்கொரு நிறப் பேனாவால் எழுதிப் பழகுங்கள். எந்த நிறம் குறைகிறதோ அந்தப் பிள்ளைக்கு மற்ற இருவரும் உதவுங்கள்.

பட்டணத்துப் பிள்ளைக்குத் தனிப்பட்ட டியூசன் இருக்கிறது. படித்த மாமா இருக்கிறார். வீடு நிறைய புத்தகம் இருக்கிறது. நம் பிள்ளைக்கு இருப்பது கூட்டாளிகள். அந்தக் கூட்டாளிகளோடு கூடிப் படிக்கும் வழியைத் திறந்து விடுவது நம் கடமை.