வீட்டுக் கடனின் முழு விலை



சித்தூரிலும் திருப்பதியிலும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. 1953ஆம் ஆண்டு ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் அதனோடு சேர்ந்தது. 1960இல் திருத்தணிப் பகுதி மட்டும் சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லை எங்கே அமைந்தாலும் வீட்டில் நாம் பேசுவது தமிழே. ஆனால் வீட்டுக் கடன் நாடி வங்கிப் படியேறினால், கையில் தரப்படும் தாள்கள் ஆங்கிலத்திலோ தெலுங்கிலோ இருக்கின்றன. காட்டிய இடத்தில் கையொப்பமிட்டு வந்துவிடுகிறோம்.

கிராமத்து லேவாதேவிக்காரர் ஆயிரம் ரூபாய்க்குப் பத்திரம் எழுதிக்கொண்டு, முன்வட்டி பிடித்தது போக மிச்சத்தைக் கொடுப்பதை நம் முன்னோர் நன்கறிவர். இன்று வங்கியில் முன்வட்டி இல்லை. எனினும் பரிசீலனைக் கட்டணம், மனை மதிப்பீட்டுக் கட்டணம், வக்கீல் கட்டணம், காப்பீட்டுத் தொகை என்று முதலிலேயே கழிவன பல உண்டு.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 20 லட்சம் ரூபாய், 20 ஆண்டு, வட்டி நூற்றுக்கு 9. மாதத் தவணை ஏறத்தாழ 17,995 ரூபாய். கட்டணங்களாக 50,000 ரூபாய் கழிந்தால் நமக்குக் கிட்டுவது பத்தொன்பதரை லட்சமே, தவணையோ குறையாது. அப்பொழுது உண்மை விகிதம் ஏறத்தாழ 9.36 ஆகிறது. கட்டணமே இன்றி 9.2க்குத் தருபவர் கடனே மலிவு! கடனை இடையில் அடைத்துவிட்டால் இந்த வேற்றுமை இன்னும் பெருகும்.

இவ்வுண்மை விகிதத்தைக் கடன் பெறுவோர்க்கு முன்னதாகவே எழுதித் தரவேண்டுமென ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரல் 15ஆம் நாள் ஆணையிட்டது. அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளிலிருந்து வழங்கப்படும் தனிநபர் கடன்களுக்கு இது பொருந்தும். அந்தத் தாளுக்கு முக்கிய விவர அறிக்கை என்று பெயர். வங்கியில் ‘கீ ஃபாக்ட்ஸ் ஸ்டேட்மெண்ட்’ என்றால் விளங்கிக்கொள்வர். வங்கி நம்மிடம் வாங்கிப் பிறர்க்குச் செலுத்தும் காப்பீடு, வக்கீல் கட்டணம் ஆகியவையும் ஆண்டு விகிதக் கணக்கில் சேரவேண்டும். நாமே நேரில் செலுத்தும் செலவு அதில் வராது. அதைத் தனியே கூட்டிக்கொள்ள வேண்டும்.

நமக்கு மிகவும் வேண்டிய விதி ஒன்றுண்டு. அவ்வறிக்கை கடன் பெறுவோர்க்குப் புரியும் மொழியில் இருக்கவேண்டும். அதை விளக்கிச் சொல்லி, புரிந்தது என்று ஒப்புதலும் பெறவேண்டும். ஆகவே தமிழில் தாருங்கள் என்று திருப்பதியில் இருந்துகொண்டே நாம் கேட்கலாம், கூச்சப்படத் தேவையில்லை. புரியாததற்குப் புரிந்தது என்று எழுதிக் கொடுத்தால் பிறகு வழக்காடுவது கடினம்.

அறிக்கை தந்தபின் குறைந்தது மூன்று வேலை நாட்கள் அதன் நிபந்தனைகள் நிற்கும். அதற்குள் நாம் இசைந்தால் வங்கி அவற்றுக்குக் கட்டுப்பட்டது. இன்றே கையொப்பமிடுங்கள், நாளை வட்டி ஏறும் என்று அவசரப்படுத்தினால் இதை நினைவூட்டலாம். அறிக்கையில் சொல்லாத கட்டணத்தை நம் வெளிப்படையான சம்மதமின்றிப் பின்னர் வசூலிக்க இயலாது. வசூலித்தால் முதலில் வங்கிக்கு எழுதுவோம். முப்பது நாளில் விடை வராவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

கடன் தீர்ந்தபின் வீட்டுப் பத்திரங்கள் முப்பது நாளில் நம் கைக்கு வரவேண்டும். வங்கியின் குற்றத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் நமக்குத் தரவேண்டும். பத்திரத்தை எங்கே, எப்பொழுது திருப்பித் தருவர் என்பதும் கடன் அனுமதிக் கடிதத்திலேயே இருக்கவேண்டும். கையொப்பமிடுமுன் அந்த வரியையும் தேடிப் பார்ப்போம்.